வெறுந்தராசு

கட்டபெட்டில் இலை வாங்கும் ஃபேக்டரி.
எடைக்கொட்டகை மூலையில் ஒரு கம்ப்யூட்டர்,
கீபோர்டு முழுக்கத் தேயிலைத் தூசி.
தராசு காட்டும் எடையை
பி.எச்.பி. தானே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்,
அதற்குத்தான் குன்னூரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"சின்ன வேலைதானே மேடம்" என்றார் மேனேஜர் ஹாலன்.
சின்னதுதான்.
தராசுக்கு சி மொழி தெரியும், பி.எச்.பி. தெரியாது.
நடுவில் நின்று பேச ஓர் எக்ஸ்டென்ஷன்.
லினக்ஸ் என்றால் மூன்று கட்டளை, ஒரு டீ.
இது விண்டோஸ்.

முதலில் கம்பைலர். ஆறு ஜி.பி.
பனி இறங்கினால் டவர் போய்விடும் இங்கே.
நாற்பத்தொரு சதவீதத்தில் இருட்டிவிட்டது.
என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு காட்டெருமை,
அதற்கு எங்கும் போக வேண்டியதில்லை போல.
வாட்டுத்தொட்டி விசிறிகளின் இரைச்சலில்
இரண்டு நாற்காலியை ஒட்டிப்போட்டுப் படுத்தேன்.

நள்ளிரவுக்கு வந்துசேர்ந்த கம்பைலர் புதுசு.
இவர்களுடைய பி.எச்.பி. அதற்கு முந்திய தலைமுறையில் கட்டியது,
சேராது என்றது.
பழையதைத் தேடி இறக்கினேன்.
அறுபத்துநாலு பிட்டில் கட்டினேன்.
கோயம்புத்தூர் தராசுக் கம்பெனி கொடுத்த லைப்ரரி
முப்பத்திரண்டு.
முப்பத்திரண்டில் கட்டினேன்.
அப்பாச்சிக்கு த்ரெட் பாதுகாப்பு வேண்டும்,
நான் கட்டியதில் அது இல்லை.
பத்துப் பொருத்தம் பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள்
ஒரு தரம் இங்கே வந்து பார்க்கலாம்.

லிங்க்கர் மட்டும் கடைசிவரை ஒரே வரியில் நின்றது:
வெளியிலிருந்து வரவேண்டிய பெயர் ஒன்று வரவில்லை.
ஒரு லைப்ரரியின் பெயரை நான்தான்
எழுத்து மாற்றி எழுதியிருந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு பில்ட் முடிந்தது.
பிழை இல்லை. எச்சரிக்கை மூன்று.
ஃபைலை நகர்த்தி, அமைப்பில் ஒரு வரி சேர்த்து,
அப்பாச்சியை எழுப்பினேன்.
திரையில் எண் வந்தது.

-0.300

தராசில் ஒன்றுமே இல்லை.
பைட் வரிசையைப் பார்த்தேன். குறி பிட்டைப் பார்த்தேன்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
-0.300
ஒன்றுமில்லாததற்கும் கீழே முந்நூறு கிராம்.

ஏழு மணிக்கு அமலி வந்தாள்.
இரண்டு ஸ்வெட்டர், கையில் ரெஜிஸ்டர்.
எட்டிப் பார்த்தாள்.
"அது அப்படித்தான் மேடம். குளிர்ல முந்நூறு கொறச்சுக் காட்டும்,
பத்தரைக்கு வெயில் பட்டா சரியாயிடும்.
அதுவரைக்கும் நான் கூட்டி எழுதிக்குவேன்."
"மேனேஜருக்குத் தெரியுமா?"
"கேட்டதில்ல."

காலையில் மட்டும் நூற்றிருபது மூட்டை.
முப்பத்தாறு கிலோ பச்சை இலை.
நான்கு வருடமாக ஒருத்தியின் பேனாவில் ஓடியிருக்கிறது
எந்த ஹெடர் ஃபைலிலும் அறிவிக்காத ஒரு ஃபங்ஷன்.
ராத்திரியெல்லாம் நான் கட்டியது
அதைத்தான் எடுத்துவிட்டிருக்கும்.
எச்சரிக்கைகூட வந்திருக்காது.

போனில் ஹாலன்: "முடிஞ்சுதா மேடம்?"
"ஒரு கம்பைல் பாக்கி சார்."

வெளியே மூட்டையோடு வரிசை.
சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது,
யாரோ யார் காலையோ மிதித்துவிட்டு
படுகு மொழியில் வாங்கிக்கட்டிக்கொள்கிறார்.
நான் எழுதுகிறேன்:
ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் வெறுந்தராசைக் கேள்,
அது சொல்வதைக் கழி.
குறைவைக் கழித்தால் கூடும்.
பதினோரு வரி.
பில்ட் ஓடுகிற நேரமெல்லாம்
அமலி கையால் எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூட்டை பெள்ளியக்காவுடையது.
தராசின் சிவப்பு எழுத்து 23.760.
என் திரை 24.060.
ரெஜிஸ்டரில் 24.1.
மூன்றையும் பார்த்துவிட்டு அமலி கேட்டாள்:
"அந்த நாப்பது கிராமை உங்க மிஷினு என்ன பண்ணும்?"

பெள்ளியக்கா சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.
ஃபைலைத் திறந்தேன்,
ஒரு வரியை மாற்றினேன்,
மறுபடி கம்பைல் கொடுத்தேன்.

எச்சரிக்கை நான்கு.